பழைய டிரக்குக்கு இரண்டு குரல்: சைலன்சர் வடிவமைப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பித்து ஓட்டும் வாசகர்கள் சிலர், தேவைக்கேற்ப அமைதியாகவும் உரத்தும் ஒலிக்கும்படி மாற்றிக்கொள்ளக்கூடிய எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும்) அமைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இம்முறை இந்தப் பொருளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. குட்டையான பின்தட்டு, 350 கன அங்குல வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்ட பிறகு ஏறத்தாழ 300 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் வி8இன் முழக்கமும் வேண்டும். சைலன்சருக்கு முன்னால் மின்சாரக் கட்-அவுட் ஒன்றைப் பொருத்தி, பட்டனால் இயக்கினால் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: கட்-அவுட் வேண்டாம். குழாயின் நடுவே ஒரு மூடியைத் திறந்து, புகையைச் சைலன்சருக்குள் போகவிடாமல் அப்படியே வெளியேற்றும் அந்த முறை மிகப் பழையது. 1910களில் ஓடிய கார்களிலேயே, காலால் மிதித்துத் திறக்கும் கட்-அவுட்கள் இருந்தன. உங்கள் மாநில வாகனச் சட்டத்தின் 27150ஆம் பிரிவு, சைலன்சரிலோ எக்ஸாஸ்ட் அமைப்பிலோ கட்-அவுட், பைபாஸ் (சைலன்சரைத் தவிர்க்கும் மாற்றுவழி) அல்லது அவை போன்ற சாதனம் எதுவும் இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் எனப்படும் புகை மாசுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பதால், சத்தத்துக்கும் விலக்கு இருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்கு 95 டெசிபெல் உச்சவரம்பு உண்டு. குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து அதை அளக்கிறார்கள்.

ஆகவே நீங்கள் அமைக்க வேண்டியது, எப்போதும் திறந்திருக்கும் அமைதியான வழி ஒன்றும், வால்வால் திறந்து மூடும் உரத்த வழி ஒன்றும் கொண்டு, எந்த நிலையிலும் எல்லாப் புகையும் ஏதாவது ஒரு சைலன்சரைக் கடந்தே வெளியேறும் அமைப்பு. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் வால்வு சைலன்சர்களின் அடிப்படையும் இதுதான். சட்டத்தின் சொற்களைக் கறாராகப் படிக்கும் அதிகாரி இதையும் பைபாஸ் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனால் உரத்த நிலையிலும் 95 டெசிபெல்லுக்கு நன்றாகக் கீழே நிற்கும்படி சைலன்சரைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் முறைப்படி அளந்து, அந்தச் சீட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமைக்கும்போது அமைதியான வழியை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் உரத்த வழியை ஆசையோடு அமைத்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு சிறிய சைலன்சரைச் செருகி அதற்கு அமைதி வழி என்று பெயர் வைக்கிறார்கள். வண்டி ஓடப்போகும் நேரத்தில் பெரும்பகுதி அந்த வழியில்தான் ஓடும். வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டால் நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து நுழைய வேண்டியதும் அந்த வழியை நம்பித்தான். எனவே அமைதி வழி தனியாகவே 300 குதிரைத்திறனையும் தாங்க வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி புகைப்போக்கு தேவை என்பது பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு; உங்களுக்கு 660 கன அடி வேண்டும். நேரான குழாயின் உட்பரப்பில் ஒவ்வொரு சதுர அங்குலமும் ஏறத்தாழ 115 கன அடியைக் கடத்தும் என்று கொண்டால், 3 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 740 கன அடியையும், இரண்டரை அங்குலக் குழாய் சுமார் 500 கன அடியையும் கடத்தும். அதாவது 3 அங்குலக் குழாய் ஒன்றே உங்கள் எஞ்சினுக்குப் போதும். இதைவிடப் பெரிய குழாயைப் போட்டால் சக்தி கூடாது. சத்தம் மட்டுமே கூடும், கீழே தரை இடைவெளி குறையும்.

இனி அமைப்பு. ஒவ்வொரு பக்கச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டுகள் இரண்டிலிருந்தும் இரண்டரை அங்குலக் குழாய்களைக் கியர்பாக்ஸின் இருபுறமும் இறக்கி, அதன் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் எக்ஸ் வடிவ இணைப்பு ஒன்றில் சேருங்கள். அதன் இடது வாயிலிருந்து 3 அங்குலக் குழாய் கிளம்பி, உள்ளே தடுப்பறைகள் கொண்ட பெரிய சைலன்சருக்குப் போகட்டும்; இந்தப் பாதையில் வால்வு எதுவும் வேண்டாம், அது எப்போதும் திறந்தே இருக்கும். வலது வாயிலிருந்து இரண்டரை அங்குலக் குழாய் கிளம்பி, ஒரு பட்டர்ஃபிளை வால்வை (தண்டில் சுழன்று குழாயைத் திறந்து மூடும் தகடு) கடந்து, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த சைலன்சருக்குப் போகட்டும். வால்வு மூடியிருந்தால் எட்டு சிலிண்டர்களின் புகையும் இடப்பக்கமாகவே போகும். திறந்தால் தடை குறைந்த வலப்பக்க வழியை அது தானாகவே எடுத்துக்கொள்ளும். இதற்கு ஒரே ஒரு வால்வு போதும். இரண்டு வால்வுகள் வைத்தவர்கள், ஒன்று திறந்து மற்றது திறக்காமல் நின்று, வண்டி ஒரு பக்கம் மட்டும் உறுமுவதைப் பார்த்திருப்பார்கள். எக்ஸ் இணைப்புக்குப் பதிலாக எச் வடிவ இணைப்பை இங்கே வைக்கக் கூடாது. வால்வு மூடிய நிலையில் வலப்பக்கப் புகை முழுவதும் இரண்டு செங்கோணத் திருப்பங்களைக் கடக்க வேண்டியிருக்கும். இரு வால் குழாய்களும் வெவ்வேறு தடிமனில் இருப்பது பின்னால் நின்று பார்ப்பவரின் கண்ணை உறுத்தினால், கடைசி ஓரடியில் ஒரே அளவிலான முனைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

சி10இன் அடிப்பகுதியில் இடம் தாராளமாக இருப்பதுபோல் தெரியும். படுத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். காயில் ஸ்பிரிங் கொண்ட மாடல்களில் சேஸிஸின் நடுவிலிருந்து பின் அச்சுவரை இரண்டு நீண்ட தாங்கு கைகள் போகின்றன. அவை அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் அசைபவை. வண்டியை லிஃப்டில் தூக்கி, அச்சு தொங்கும் நிலையில் மட்டும் குழாயை வளைத்து முடித்தால், பின்தட்டில் பாரம் ஏற்றியதும் குழாய் அச்சில் இடிக்கும். அச்சை ஜாக்கியில் முழுவதும் மேலே தூக்கி, அந்த நிலையிலும் குழாய்க்கும் அச்சுக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருப்பதை உறுதிசெய்த பிறகே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று மிக முக்கியமானது. 1967 முதல் 1972 வரையிலான இந்த டிரக்குகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. கேபினின் பின்பகுதித் தரைக்கு நேர்கீழே வால்வையோ சைலன்சரையோ வைக்காதீர்கள். வழியில்லாமல் குழாய் அங்கே போயாக வேண்டுமானால், இடையில் காற்று ஓடும்படி வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். ஐம்பது வயது கடந்த கேபினின் தரையிலும் ரப்பர்களிலும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் இரண்டு வழிகளுமே, குறிப்பாக உரத்த வழி, பின் சக்கரங்களைத் தாண்டியே முடிய வேண்டும். கதவுக்குக் கீழே திறக்கும் பக்கவாட்டுக் குழாய் படத்தில் அழகாக இருக்கும். இந்த வண்டிக்கு அது ஆகாது.

வால்வை இயக்குவதற்கு நீங்கள் பட்டன் கேட்கிறீர்கள். கடைகளில் கிடைக்கும் மின்மோட்டார் வால்வுகளில் மோட்டார் குழாயை ஒட்டியே அமைந்திருக்கும். வெப்பத்தாலும் சேற்றாலும் முதலில் சாவது அந்த மோட்டார்தான். அது சாகும்போது வால்வு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். அதிகாலை நான்கு மணிக்கு அது திறந்த நிலையாக இருக்கக் கூடாது. எது பழுதானாலும் ஸ்பிரிங் ஒன்று வால்வை இழுத்து மூடிவிட வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விதிக்கு இரண்டு ஏற்பாடுகள் பொருந்தும். ஒன்று, டேஷ்போர்டின் அடியில் சோக் கேபிளைப் போன்ற ஒரு குமிழ். இழுத்தால் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். குழாய்க்கு அருகில் வரும் கடைசி ஓரடி தூரத்துக்கு மட்டும் கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பி இருக்கட்டும், இல்லாவிட்டால் கேபிளின் உள்ளுறை உருகிவிடும். 1972ஆம் ஆண்டு டேஷ்போர்டில் அந்தக் குமிழ் ஒட்டவைத்ததுபோல் தெரியாது என்பதால், என் விருப்பம் இதுவே. மற்றொன்று, எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வாக்குவம் (வெற்றிட இழுவை) கொண்டு இயங்கும் டயஃப்ரம் என்ற சவ்வு. எஞ்சின் சும்மா ஓடும்போது 18 அங்குலப் பாதரச அளவுக்கு வாக்குவம் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் அது ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். சத்தம் வேண்டிய அதே நேரத்தில் வால்வு தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க, ஒருவழி வால்வும் சிறிய வாக்குவம் சேமிப்புக் குடுவையும் சேர்க்க வேண்டும். நடுவில் மின்சாரத்தால் திறந்து மூடும் 12 வோல்ட் சொலினாய்டு ஒன்றை வைத்தால் உங்களுக்குப் பட்டனும் கிடைத்துவிடும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸிலிருந்து மட்டும் கிளை எடுக்காதீர்கள். தனி இணைப்பு எடுத்து, அதில் குண்டூசித் துளை அளவுக்குக் குறுகலான தடுப்பு ஒன்றைப் போட்டுவிட்டால், ஹோஸ் கிழிந்தாலும் எஞ்சினின் ஐட்லிங் பெரிதாகக் கெடாது.

பட்டர்ஃபிளையின் அச்சுத்தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். நின்றபடி வைத்தால், தண்டைத் தாங்கும் கீழ்ப்புற புஷ்ஷில் தண்ணீர் தேங்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. குளிர்ந்த குழாயில் அது படிந்து துரு பிடிக்கச் செய்யும். மூடிய வால்வுக்கு முன்னால் உள்ள குழாயில் புகை ஓட்டம் இல்லாததால் அங்கே ஈரம் இன்னும் அதிகமாகப் படியும்; அந்தத் துண்டை வால்விலிருந்து எக்ஸ் இணைப்பை நோக்கிச் சற்றே சரிவாக வைத்தால், தண்ணீர் சூடான பகுதிக்கு வழிந்து ஆவியாகிவிடும். பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் சரிவு வைக்கச் சொல்லுங்கள்.

வால்வு சிக்கிக்கொள்வது கற்பனைப் பயம் அல்ல என்பதற்கு உங்கள் எஞ்சினே சாட்சி. வலப்பக்க மேனிஃபோல்டின் வாயில் தொழிற்சாலையிலேயே பொருத்திய ஒரு வெப்ப வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, சூடான புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும். சூடேறியதும் ஒரு சுருள் தகடு அதைத் திறக்கும். பெரும்பாலான பழைய டிரக்குகளில் இது துருவேறி, அசையாமல் நிற்கிறது. பாதி மூடிய நிலையில் அது நின்றிருந்தால், பின்னால் நீங்கள் எத்தனை அங்குலக் குழாய் போட்டாலும் வலப்பக்கம் மூச்சுத் திணறும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் கழற்றிவிட்டு, அதே கனமுள்ள வளையம் ஒன்றைப் போடுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு அது இல்லாமலே வண்டி ஓடும்.

உலோகம் உங்கள் பணப்பையைப் பொறுத்தது. அலுமினியம் பூசிய இரும்புக் குழாய் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். 409 வகைத் துருப்பிடிக்கா எஃகு மேலே பழுப்பேறினாலும் நீண்டநாள் உழைக்கும். 304 வகை பளபளப்பாக இருக்கும், ஆனால் வெப்பத்தில் அதிகம் நீளும். மூன்று மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டுவிடும். அதைத் தாங்கும் ரப்பர் தொங்கல்களும் ஒரு வளைநெகிழ் இணைப்பும் இல்லாவிட்டால், விரிசல் மேனிஃபோல்டில் விழும். வளைவுகளை நசுங்காமல் வளைக்கும் இயந்திரம் உள்ள பட்டறையைத் தேடுங்கள். 304க்கு ஆர்கான் வெல்டிங் வைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பச் சொல்லுங்கள். வால்வின் இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய கிளாம்ப்கள் இருக்கட்டும். அதைப் பின்னால் ஒருநாள் கழற்றத்தான் போகிறீர்கள்.

கேள்வி: என்னுடையதும் அதே காலத்து சி10தான். இருபுறமும் தனித்தனிக் குழாய், தனித்தனிச் சைலன்சர். மணிக்கு 55 மைல் வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது கேபினுக்குள் காதை அடைக்கும் ஓர் இரைச்சல் எழுகிறது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் மறைந்துவிடுகிறது. வால்வு வைத்தால் தீருமா?
– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சஸ்

பதில்: வால்வு மட்டும் வைத்தால் தீராது. காரணத்தைச் சொல்கிறேன், அதன் பிறகு வழி தெளிவாகிவிடும்.

நான்கு ஸ்ட்ரோக் வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கிறது. 2,000 சுற்றில் அது நொடிக்கு 133 வெடிப்புகள், அதாவது 133 ஹெர்ட்ஸ் ஒலி. ஒற்றைக் கேபின் டிரக்கின் உட்புறம், முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடிவரை 1.3 மீட்டர் அளவில் இருந்தால், அந்தக் காற்றறையின் இயல்பான அதிர்வும் ஏறத்தாழ 132 ஹெர்ட்ஸில் வந்து விழும். இரண்டும் ஒன்றாகும்போது கேபின் மிருதங்கம்போல் அதிர்கிறது. வேகம் மாறினால் எஞ்சினின் எண் விலகிவிடுவதால் இரைச்சலும் நின்றுவிடுகிறது.

உங்கள் அமைப்பில் இன்னொரு குறையும் உண்டு. ஷெவர்லே சிறிய வி8இன் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண் சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். வரிசையை மெதுவாகப் படித்துப் பாருங்கள்: 8க்கு அடுத்து 4, இரண்டும் வலம், 5க்கு அடுத்து 7, இரண்டும் இடம். ஆகவே எஞ்சின் முழுவதும் 90 டிகிரிக்கு ஒருமுறை சீராக வெடித்தாலும், ஒவ்வொரு பக்கக் குழாயிலும் வெடிப்புகளின் இடைவெளி 90, 180, 270, 180 என்று தாறுமாறாக வருகிறது. வி8இன் புகழ்பெற்ற குமுறல் ஒலி இந்தச் சீரின்மையிலிருந்துதான் பிறக்கிறது; சைலன்சர்கள் எளிதில் அடக்க முடியாத தாழ்ந்த அதிர்வுகளும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. இருபுறக் குழாய்களையும் இணைக்காமல் விட்டால் அந்தத் தாழ்ந்த அதிர்வுகள் முழுவதுமாக வெளியே வரும். எனவே முதல் வேலை, இரண்டையும் இணைப்பது. எச் வடிவ இணைப்பு குமுறலை ஓரளவு காப்பாற்றும். எக்ஸ் வடிவம் ஒலியை இழைத்துச் சற்று உயர்ந்த சுருதிக்குக் கொண்டுபோகும். எங்கே இணைப்பது என்பதற்குப் பழைய பட்டறைக்காரர்கள் செய்யும் ஓர் எளிய சோதனை உண்டு: குழாயின் நீளவாக்கில் கிரேயானால் கோடு இழுத்து, வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து, கோடு உருகிக் கருகிய பகுதி எங்கே முடிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் இணைப்பார்கள்.

இணைத்த பிறகும் 133 ஹெர்ட்ஸ் மிச்சமிருந்தால், குழாயின் பக்கவாட்டில் மறுமுனை மூடிய ஒரு கிளைக்குழாயை வைக்க வேண்டும். ஒலி அதற்குள் போய், மூடிய முனையில் மோதித் திரும்பிவரும்போது, எதிர் அலையாக வந்து மூல ஒலியை அணைத்துவிடும். இதற்குக் கிளையின் நீளம் ஒலி அலையின் நீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 435 மீட்டர் என்பதால், கிளைக்கு 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். உண்மையான சூடு இடத்துக்கு இடம் மாறும். ஆகவே கணக்கைவிட ஒரு சாண் நீளமாக வைத்து, மூடிய முனையை நகர்த்தி நகர்த்திக் காதால் பார்த்து, பிறகு வெல்டிங் வையுங்கள்.

மேலே ஃப்ரீமான்ட் வாசகருக்குச் சொன்ன அமைப்பில், வால்வு மூடியதும் எக்ஸ் இணைப்புக்கும் வால்வுக்கும் இடையே உள்ள குழாய், மறுமுனை மூடிய கிளையாகவே மாறிவிடுவதை நீங்கள் கவனித்திருக்கலாம். வால்வை அந்த இணைப்பிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், தனிக் கிளைக்குழாய் செய்யாமலே, அமைதி நிலையில் இந்த இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். நீங்களும் அதே அமைப்புக்கு மாறலாம். கட்-அவுட், பைபாஸ் இரண்டையும் டெக்சஸ் சட்டமும் தடை செய்கிறது. ஃப்ரீமான்ட் வாசகருக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: வால்வைத் திறந்து ஓட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?
– அதே வாசகர்

பதில்: கூடாது. சமவெளியில் சீரான வேகத்தில் போகும்போது உங்கள் எஞ்சின் தன் திறனில் சிறு பங்கையே தருகிறது. அந்த அளவு புகைக்கு மூடிய வழியே தாராளம். திறந்த குழாயின் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களுக்குப் பெட்ரோல் செலவு கூடுவதுதான் வழக்கம்.

கேள்வி: என்னிடம் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 இருக்கிறது, 300 கன அங்குல, நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின். இதற்கும் இருவழி எக்ஸாஸ்ட் பொருந்துமா? குளிர்காலத்திலும் வண்டியை ஓட்டுகிறேன்.
– வாசகர், டொராண்டோ அருகே, கனடா

பதில்: வி8ஐவிட உங்களுக்கு வேலை எளிது. இந்த எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர்களும் பின் மூன்று சிலிண்டர்களும் மாறி மாறி வெடிப்பதால், முன்பாதிக்கு ஒரு குழாயும் பின்பாதிக்கு ஒரு குழாயும் கொடுத்தாலும் இரண்டிலும் 240 டிகிரிக்கு ஒருமுறை மிகச் சீரான துடிப்பு கிடைக்கும். அந்த ஒலியை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் தேவை என்று பார்த்தால், சாதாரண நிலையில் உள்ள இந்த எஞ்சினுக்கு இரண்டே கால் அங்குலக் குழாய் ஒன்றே போதும். ஒரே குழாயை ஒய் வடிவத்தில் பிரித்து, ஒரு கிளையில் பெரிய சைலன்சரும் மறு கிளையில் வால்வும் நேர்வழிச் சைலன்சரும் வையுங்கள்.

மேனிஃபோல்டை மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. கீழே உள்ள வார்ப்பிரும்பின் சூடுதான் மேலே கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலை ஆவியாக்குகிறது. தனித்தனிக் குழாய்களாலான ஹெடரைப் போட்டு அந்தச் சூட்டை எடுத்துவிட்டால், ஜனவரி மாதக் குளிரில் கார்புரேட்டருக்குள் பனி படியும். சூடேறும்வரை வண்டி இருமிக்கொண்டே ஓடும். கோடையில் மட்டும் ஓட்டுகிறவர் வேறு முடிவு எடுக்கலாம்.

உங்கள் ஊரில் வால்வுக்குப் பெரிய எதிரி சாலையில் தூவும் உப்பு. வெண்கல புஷ்ஷும் துருப்பிடிக்கா எஃகுத் தண்டும் உள்ள வால்வை வாங்கி, தண்டில் நிக்கல் கலந்த வெப்பந்தாங்கும் பசையைத் தடவுங்கள். சத்தம் தேவையோ இல்லையோ, வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து மூடுங்கள். நவம்பரில் மூடியதை ஏப்ரலில் திறக்கலாம் என்று விட்டவர்களின் வால்வுதான் பட்டறைக்கு வருகிறது. ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 75ஆம் பிரிவில், கட்-அவுட்டையும் பைபாஸையும் மட்டுமல்லாமல் சைலன்சர் இல்லாத நேர்க்குழாயையும் உள்ளே குடைந்தெடுத்த சைலன்சரையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. உங்கள் உரத்த கிளையில் உண்மையாகவே சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும். பெயருக்கு ஒரு டப்பா போதாது.

கேள்வி: எங்கள் பட்டறையில் பழைய லாரிகளிலிருந்து கழற்றிய எக்ஸாஸ்ட் பிரேக் வால்வுகள் நிறையக் கிடக்கின்றன. பெரியப்பா வைத்துவிட்டுப் போன பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப் டிரக்கில் இவற்றில் ஒன்றைப் பொருத்தி, நீங்கள் சொல்வது போன்ற அமைப்பைச் செய்ய முடியுமா? சட்டச் சிக்கல் வருமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: மலைப்பாதையில் இறங்கும் லாரிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவர் இயக்கும் அந்த வால்வும் புகைக்குழாயை மூடும் பட்டர்ஃபிளைதான், எக்ஸாஸ்டுக்குள் அசையும் ஒரு தகடு எப்படியெல்லாம் உழைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாதிரி கிடையாது. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: தண்டு எவ்வளவு தடிமன், புஷ்ஷில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், தகடு சூட்டில் விரிந்தாலும் பிடிக்காமல் இருக்க ஓரத்தை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

ஆனால் அதை அப்படியே எடுத்து ஜீப்பில் வைக்க மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, லாரியின் பிரேக் அமைப்பிலுள்ள அழுத்தக் காற்றால் இயங்கும்படி செய்யப்பட்டது அதன் சிலிண்டர். உங்கள் ஜீப்பில் அந்தக் காற்று இல்லை. சிலிண்டரைக் கழற்றிவிட்டு, கேபிளும் இழுத்து மூடும் ஸ்பிரிங்கும் பொருத்த வேண்டும். இரண்டாவது, எஞ்சின் முழுவதும் அடைபடாமல் இருப்பதற்காகப் பல எக்ஸாஸ்ட் பிரேக் வால்வுகளின் தகட்டில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். லாரிக்கு அது அவசியம். உங்களுக்கோ மூடிய நிலையிலும் அந்தத் துளை வழியே கரகரவென்ற சத்தம் கசியும். துளையை அடைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது அளவு. பெரிய டீசல் எஞ்சினுக்கான வால்வு உங்கள் சிறிய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இரண்டு மடங்கு பெரியது. குழாயை விரித்து மறுபடி சுருக்கினால் அந்த இடத்தில் ஈரமும் கரியும் படியும். உங்கள் குழாயின் அளவுக்குச் சிறிய வால்வு ஒன்றை லேத்தில் புதிதாகக் கடைந்து செய்வதே நல்லது. நாமக்கல்லில் அதற்குத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய வால்வை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. சத்தம், காற்று மாசு தொடர்பான விதிகளை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய்வரை அபராதமும் மூன்று மாதம்வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குப் பறிபோகலாம். எனவே இரண்டு கிளைகளிலும் சைலன்சர் கட்டாயம். 2021இல் வந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகளை நம்பி இதைச் செய்ய நினைத்தால், அவை 50 ஆண்டு கடந்த, மூல நிலை மாறாத இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகப் பயணிகள் கார்களுக்கும் மட்டுமே பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் அது சரக்கு வண்டி என்று பதிவாகியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்ட பிறகே குழாயில் கை வையுங்கள். இப்போதுள்ள பழைய சைலன்சரையும் அதன் முன்குழாயையும் வெட்டாமல், முழுதாகக் கழற்றி எடுத்து வையுங்கள்.